ஒவ்வொரு படிக்கும் தனிக் குமிழ்

சென்ற வாரம் வரை என் மேசையின் இடது ஓரத்தில் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி இருந்தது. செங்கல்லைவிடச் சற்றுப் பெரியது. முகப்பில் வரிசையாக எட்டுச் சிவப்பு விளக்குகள், அவற்றின் கீழே இரண்டே இரண்டு குமிழ்கள், மூலையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு இருப்புப் பதிவு எண். அந்த எண்ணை எழுதியது என் கை. மின்சாரம் கொடுத்தால் முதல் விளக்கு எரியும், உள்ளே டக் என்று ஒரு சத்தம், அது அணைந்து இரண்டாவது எரியும், மறுபடி டக். எட்டு முடிந்ததும் திரும்ப ஒன்று. அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்குப் பல்லி என்று பெயர். "அந்தப் பல்லிய அமத்திட்டுச் சாப்பிட வாங்க" என்பாள் என் மனைவி. ஓய்வு பெற்றவர்கள் பூச்செடி வைப்பார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நான் இந்தப் பெட்டியை ஓடவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். ரசிப்பதற்காக அல்ல. தவறு செய்தவன் அதைக் கண்ணெதிரில் வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நானாக வைத்துக்கொண்டேன்.

பஞ்சாலைகளில் தூசியை வடிகட்டப் பெரிய துணிப்பைகள் தொங்கும். அவற்றை உதறிச் சுத்தம் செய்ய, காற்று வால்வுகள் எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூட வேண்டும். அதற்கான கருவி இது. பஞ்சு பறக்கும் ஆலையில் இருக்க வேண்டியது, அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் மின்னணு வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. வரவழைத்தவன் நான். அந்த நிலையத்தில் அப்போது நான் அலுவலகக் கண்காணிப்பாளர். எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் யார் கையெழுத்து வர வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரை நானும் கொஞ்சம் பரப்பினேன்.

மின்னணுப் பிரிவின் பயிற்றுநர் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், வாயில் ஒரு கிராம்பு. இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அவர் வீட்டில் தன் கையாலேயே ஒரு சின்தசைசர் கட்டியிருந்தார். கல்யாணக் கச்சேரிகளில் பார்க்கும் கீபோர்டு அல்ல. தனித்தனித் தகடுகள்; ஒன்று ஒலியை எழுப்பும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று கூட்டிக் குறைக்கும், ஒன்றில் விரலால் அழுத்தி வாசிக்கச் சில கட்டைகள். அவற்றை வயர்களால் நம் விருப்பப்படி இணைத்துக்கொள்ள வேண்டும். இன்று இணைத்தது போல நாளை இணைக்க வேண்டியதில்லை. தகடுகளைப் பழைய விளம்பரப் பலகைகளிலிருந்து வெட்டியிருந்தார். பின்பக்கம் பார்த்தால் யாரோ ஒரு வேட்பாளரின் பாதி மீசை தெரியும். பேக்கிங் பெட்டிப் பலகையில் எல்லாவற்றையும் அடுக்கி, வாரத்தில் ஒருநாள் பஸ்ஸில் மடியில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவருவார்.

ஒருநாள் அந்த வகுப்பிலிருந்து எருமை முக்குவது போல ஒரு சத்தம் வந்தது. முதல்வர் அறைக்குக் கேட்கிறது என்று சொல்லி நிறுத்தப் போனேன். உள்ளே திருச்சுழிப் பக்கத்துப் பையன்களும் வீரசோழன் பஸ்ஸில் வருகிறவர்களுமாக முப்பது பேர். மின்னழுத்தம் என்றால் என்ன என்று கேட்டால் தரையைப் பார்க்கும் முப்பது பேர் அவர்கள். பயிற்றுநர் ஒரு குமிழைத் திருகினார். எருமை மெல்ல மெல்ல ஏறி, நாதஸ்வரம் போலாகி, கடைசியில் சீட்டியானது. "வோல்டேஜ் ஏறுது. கேக்குதா?" என்றார். "கேக்குது சார்" என்று முப்பது குரல்கள். "இப்ப?" "எறங்குது சார்." "அம்புட்டுத்தாம்ப்பா. போர்டுல கோடு போட்டுப் புரியலேன்னா காதுல கேட்டுப் புரிஞ்சுக்கங்க." வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். "உள்ள வாங்க சார். ஒரு வயரப் பிடுங்கி வேற எடத்துல சொருவுங்க, என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றார். எனக்கு வேலை இருப்பதாகச் சொன்னேன். நிஜமாகவே இருந்தது. வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுக்கும் வேலை. சத்தத்தை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன் என்பது நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வருடம் ஆய்வகத்துக்குப் புதிய கருவிகள் வாங்க ஒதுக்கீடு வந்தது. மற்றப் பிரிவுகள் வழக்கம்போல ஸ்பேனர் செட்டும் துளையிடும் எந்திரமும் கேட்டன. பயிற்றுநர் ஒரே ஒரு பொருள் கேட்டார்: எட்டுப் படி அனலாக் ஸ்டெப் சீக்வென்சர். வந்து விளக்கவும் செய்தார். எட்டு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு குமிழ். விளக்கு எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தக் குமிழைத் திருப்பி வைத்த அளவுக்கு மின்னழுத்தம் வெளியே போகும். சின்தசைசர் அந்தச் சுருதியில் பாடும். எண்களாக எதையும் சேமித்து வைக்காது. திருப்பிய அளவுதான் கணக்கு. எட்டுக் குமிழையும் எட்டு விதமாகத் திருப்பினால் எட்டுச் சுருதி கொண்ட ஒரு மெட்டு, நிறுத்தும்வரை சுற்றிச் சுற்றி வரும். "இத வச்சு ஒரு வருசப் பாடத்த ஒரு வாரத்துல சொல்லீருவேன் சார்." நீங்களே செய்யக் கூடாதா என்று கேட்டேன். செய்திருந்தார், திருவிழா சீரியல் செட்டின் உதிரிகளை வைத்து. மதுரையில் கிடைக்கும் குமிழ்கள் முப்பது பேர் விரல் பட்டால் ஒரே மாதத்தில் கரகரக்கின்றன என்றார்.

விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். முதல் வரி: எட்டுப் படி சீக்வென்சர். இரண்டாவது வரி: ஒவ்வொரு படிக்கும் தனிக் குமிழ் இருக்க வேண்டும். மூன்று விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது வரிக்குப் பொருந்தும் பொருளை வைத்திருந்தவர் பெங்களூரில் இறக்குமதி செய்யும் ஒரே ஒரு வியாபாரி. ஒருவரிடம் மட்டுமே கிடைக்கிறது என்றால் தலைமை அலுவலகத்தில் தனி அனுமதி பெற வேண்டும். அது மார்ச் கடைசிக்குள் வராது. வராவிட்டால் ஒதுக்கீடு திரும்பிவிடும். ஒதுக்கீடு திரும்பிப் போவது எங்கள் துறையில் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவதற்குச் சமம். ஒரு வரியை எடுத்துவிட்டால் மூன்று விலைப்புள்ளிகள் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தது. வகுப்பறைக்குப் போனேன். கையில் பற்றவைக்கும் கோலோடு குனிந்திருந்தார். "விண்ணப்பத்துல ஒரு சின்ன வரியை எடுக்கணும் சார்" என்றேன். எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "நீங்க பாத்துச் செய்யுங்க சார்" என்றார், நிமிராமலே. அறைக்கு வந்து இரண்டாவது வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

விதி சற்றும் பிசகவில்லை. மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், குழுவின் ஒப்புதல். எட்டுப் படி, ஆம். சீக்வென்சர், ஆம்; பஞ்சாலைக் கருவிக்கும் அதுதான் பெயர். மூன்றில் விலை குறைந்தது எதுவோ அது. மார்ச் மாதக் கடைசி வாரத்தில் பெட்டி வந்தது. பயிற்றுநர் அதைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மின்சாரம் கொடுத்தார். டக், டக் என்று எட்டு முறை அடித்தது. மறுபடி எட்டு. "குமிழ் எங்க சார்?" என்றார். "ரெண்டு இருக்கே" என்றேன். விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு நேரம் அணைந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. எட்டுப் படிக்கும் ஒரே அளவு, ஒரே சத்தம். நல்ல நிலையில் பெறப்பட்டது என்ற முத்திரையைக் குத்தி, கையெழுத்துக்காகப் பதிவேட்டை அவர் முன் நீட்டினேன். மார்ச் முடிய மூன்று நாள்தான் இருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க கேட்டதெல்லாம் வந்துருக்கு சார். நான் கேட்டதுதான் வரல." கையெழுத்தைப் போட்டார். தணிக்கையில் ஒரு ஆட்சேபணையும் வரவில்லை.

அதன்பின் அவர் சின்தசைசரை வகுப்புக்குக் கொண்டுவரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்னோடு முன்பு போலவே டீ குடித்தார், கிராம்பும் கொடுத்தார். பஞ்சாலைப் பெட்டியை வைத்து ரிலே என்றால் என்ன என்று ஒழுங்காகப் பாடம் நடத்தினார். ஆனால் ஓய்வு பெறும்வரை வேறு எதையும் எழுதிக் கேட்கவில்லை. ஆண்டுதோறும் கோரிக்கைப் படிவத்தில் அவர் பிரிவுக்கு எதிரே 'இல்லை' என்று இருக்கும். அந்த 'இல்லை' எனக்கு வேலையைக் குறைத்தது. குறைந்த வேலை அந்த இருக்கையில் ஒரு முள்ளாகவும் இருந்தது. என் பணியின் கடைசி வருடத்தில் அந்தப் பெட்டி கழிவுப் பட்டியலில் வந்தது. கழிவு ஏலத்தில் பணியாளர் கலந்துகொள்ளக் கூடாது. ஆகவே ஏலம் எடுத்த பழைய இரும்புக் கடைக்காரரிடம் மறுநாள் போய் வாங்கினேன். மறுநாளைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கேள்விப்பட்டு நான் போனது கார்த்திகையில். வலது கை மடியில் கிடந்தது. பேச்சும் போயிருந்தது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. சாப்பாடு வேண்டுமா என்றாலும், ஜன்னலைச் சாத்தவா என்றாலும், என்னைப் பார்த்தும் அதையே சொன்னார்: "பாப்போம்." மருத்துவர்கள் அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். முப்பது வருடம் அலுவலகத்தில் எந்த விண்ணப்பம் வந்தாலும் நான் சொன்ன பதில் அது. ஆம் என்றால் பொறுப்பு, இல்லை என்றால் பகை. பார்ப்போம் என்றால் இரண்டும் கிடையாது. இத்தனை சொற்கள் இருக்க, அவர் வாயில் இதுதான் தங்க வேண்டுமா என்று இருந்தது. எதிரே சுவரோரம் அவருடைய சின்தசைசர் ஒரு பழைய வேட்டியால் மூடிக் கிடந்தது.

அவர் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லாருக்கும் டீச்சரம்மா. வாசல்வரை கூட வந்து சொன்னார்: "சும்மாவே உக்காந்திருக்காகண்ணே. அந்தக் கைய என்னமோ அடுத்தவுக கை மாதிரி பாக்குறாக. வலது கையால வாசிச்சு, இடது கையால திருகுவாக. இப்ப ஒத்தக் கைய வச்சு என்னத்தச் செய்ய? தானா வாசிக்கிற பெட்டி ஒண்ணு இருக்காம்ல, முன்ன சொல்லிக்கிட்டே இருப்பாக. அது வாசிச்சா, இவுக திருகிக்குவாக. நீங்கதான வாங்குற ஆளு? பாத்து வாங்கிக் குடுங்க." முன்பு நடந்தது தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் அருப்புக்கோட்டை வரை வெயிலில் நடந்தே வந்தேன்.

இந்த முறை தவறக் கூடாது. தவறினால் அவர் அந்த வேட்டியை எடுக்கவே மாட்டார். இது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. வேறெதுவும் தெளிவாக இல்லை. கணினியில் தேடத் தேடச் சீக்வென்சர்கள் வந்துகொண்டே இருந்தன. எட்டுப் படி, பதினாறு படி. குமிழ் வைத்தது, மேலும் கீழும் தள்ளும் நெம்பு வைத்தது. மெட்டை நினைவில் வைத்துக்கொள்வது, சுருதி பிசகினால் அருகிலுள்ள சரியான சுருதிக்குத் தானே இழுத்துவிடுவது, பின்னோக்கி ஓடுவது. பின்பக்கச் சிறு எழுத்துகளையெல்லாம் படித்தேன். எத்தனை வோல்ட், எந்த அளவு சொருகி, எவ்வளவு ஆழம். ஒருநாள் அவர் வீட்டில் வேட்டியை லேசாக விலக்கிப் பார்த்ததில், உள்ளே அவர் கையெழுத்தில் 'இருபக்கமும் பன்னிரண்டு மட்டும், சிவப்புக் கோடு கீழே' என்று இருந்தது. நான் பார்த்து வைத்தவையும் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுபவைதான், பொருந்தும். அன்று மட்டும் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மற்ற நாட்களில் ஒரு பட்டியல் போடுவேன், கிழிப்பேன், மனைவியிடம் எரிந்து விழுவேன், தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் காரணமில்லாமல் சுற்றுவேன். தை முடிந்தது. டீச்சரம்மா போனில் ஒரே ஒரு முறைதான் கேட்டார்: "நீங்க பட்டியல் போட்டு முடிக்கதுக்குள்ள, அண்ணே..." பாதியில் போனை வைத்துவிட்டார். சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாசியில் ஒப்பீட்டுப் பட்டியலோடு போனேன். மூன்று கருவிகள், பதினான்கு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். முதலிடம் பதினாறு படிக் கருவிக்கு. நினைவகமும் சுருதி திருத்தமும் உள்ளது. இரண்டாவது, நெம்பு வைத்தது. மூன்றாவது, எட்டுப் பெரிய குமிழ்களைத் தவிர வேறொன்றும் இல்லாதது. அவர் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். முதலாவதை வாசித்ததும் "பாப்போம்" என்றார். இரண்டாவதுக்கும் "பாப்போம்." மூன்றாவதுக்கும் அதே. நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன்.

"என்ன சொல்றாரு?"

"பாப்போம்ங்கிறாக."

"அது கேட்டுச்சும்மா. எதைச் சொல்றாரு?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? சோத்துக்கும் அதான், சண்டைக்கும் அதான். காகிதத்த வாசிச்சா அவுக எப்படிச் சொல்லுவாக? கையில குடுத்தாத்தான தெரியும்."

கையில் கொடுப்பது. முப்பது வருடக் கொள்முதலில், ஒரு பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் முதலில் கொடுத்துப் பார்ப்பது என்று ஒரு படிவம்கூட இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டிகளைக் கிழித்தேன். கணினியில் கண்ட அளவுகளை மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து மூன்று அட்டை முகப்புகள் வெட்டினேன். பதினாறு படிக்குச் சட்டைப் பொத்தான்கள். நெம்புக்கு அட்டையைக் கீறி ஐஸ் குச்சிகள். பெரிய குமிழ்களுக்குக் கலர் பாட்டில் மூடிகள், திரும்புவதற்கு வசதியாக நடுவில் ஒரு முள் குத்தி. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்கூல்ல சேத்துவிட்டுருவோமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவர் முன் மூன்றையும் வரிசையாக வைத்தேன். இடது கை மெதுவாக வந்தது. பதினாறு பொத்தான்களுக்கு மேல் சற்று நேரம் நின்றது, ஒன்றைத் தொட்டால் விரல் பக்கத்துப் பொத்தானையும் தொட்டது, நகர்ந்துவிட்டது. நெம்பு ஒத்தைக் கைக்கு ஏற்றது என்று நான் நம்பியிருந்தேன். ஐந்தாவது குச்சியைத் தள்ளும்போது மணிக்கட்டு இடித்து இரண்டாவதும் மூன்றாவதும் நகர்ந்தன. அந்த அட்டையை அவர் ஒதுக்கித் தள்ளினார். பாட்டில் மூடிகளில் கை இறங்கியது. ஒன்றைப் பிடித்துத் திருப்பினார். அடுத்ததைத் தொடாமல் அதை மட்டும். பிறகு அடுத்தது. எட்டையும் திருப்பி முடித்தபிறகு உள்ளங்கையை அட்டையின் மேல் வைத்துக்கொண்டார். "பாப்போம்" என்று சொல்லவே இல்லை. என் பட்டியலில் மூன்றாவதாக வந்தது அது. சுருதி திருத்தம் இல்லையே என்று சொல்ல வாய் திறந்தேன். எருமையிலிருந்து நாதஸ்வரம் வரை இடையில் ஒரு இடம் விடாமல் ஏற்றிக் காட்டிய மனிதரிடம் போயா என்று மூடிக்கொண்டேன்.

அங்கேயே உட்கார்ந்து பெங்களூர் வியாபாரிக்கு எழுதினேன். முதல் வரியில் 'ஒவ்வொரு படிக்கும் தனிக் குமிழ்' என்று வந்தபோது பேனா நின்றது. அவர் பக்கம் திரும்பாமல், "அன்னைக்கு இந்த வரியத்தான் சார் அடிச்சேன்" என்றேன். பதில் டீச்சரம்மாவிடமிருந்து வந்தது: "இவுகளுக்கு அன்னைக்கே தெரியும்ணே. ஆபீஸ் காப்பி இவுகளுக்கும் வருமாம்ல? செவப்பு மையில அடிச்சிருந்துச்சுன்னு வீட்ல வந்து சொன்னாக." இத்தனை வருடம் என் மேசையில் பெட்டியை வைத்து நான் ஒளித்துக்கொண்டிருந்தது, யாரிடமும் ஒளிந்திருக்கவில்லை.

இப்போது பங்குனி. கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுங்கத்தில் நிற்கிறது. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாம். யாரோ ஒரு கண்காணிப்பாளர் தன் வேலையைச் செய்கிறார். தினமும் இரண்டு முறை பார்க்கிறேன், நகரவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல், சென்ற வாரம் பல்லியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பாளையம்பட்டி பஸ் ஏறினேன். மேசையில் வைத்ததும் டீச்சரம்மா, "இது அந்தச் சனியன்ல?" என்றார். பயிற்றுநரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மின்சாரம் கொடுத்தேன். டக் என்றது. அவர் இடது கையால் ஒரு குமிழைத் திருகி அதன் ஓட்டத்தைத் தளர்த்தினார். பிறகு பாட்டில் மூடி அட்டையை இழுத்து, பெட்டிக்கு முன்னால் ஒட்டி வைத்தார். ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு மூடி. விளக்கு நகர நகர அவர் கண்ணும் நகர்ந்தது. இரண்டு சுற்று கேட்டார். கேட்டார் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. நான்காவது மூடியைச் சற்று ஏற்றினார், ஒரு சுற்று பொறுத்தார், திருப்தியில்லாமல் பாதி இறக்கினார். சுவரோரத்தில் சின்தசைசரின் மேல் வேட்டி இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

என்னைப் பார்த்தார். அட்டையை ஒரு விரலால் என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். எனக்கு வேறு வேலை இல்லை. ஆறாவது மூடியைத் திருப்பினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. தகரத்துக்குள் ஒரே மாதிரி டக், டக் என்பதைத் தவிர. ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கு வந்து, ஆறில் நின்றது. அவர் முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டினார்.

"பாப்போம்" என்றார்.

மூடியைக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிட்டு, ஆறாவது விளக்கு மறுபடி வரக் காத்திருந்தேன்.